நீ விழுகிற இடத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த மகள் எழுதுகிறேன். இங்கே அப்பா, அத்தை, குட்டி, நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்பது தெரிந்ததுதான். அதனால் உன் நலம் அறிய ஆவல் என்று ஒப்புக்கு எழுதாமல் நேராகவே கேட்கிறேன். தொடையில் வைத்த கம்பி இன்னும் வலிக்கிறதா? தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற சித்தி தினமும் உன்னை நடக்க வைக்கிறாரா, இல்லை அவரை ஏமாற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா?

உன் படம் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் ஓட்டிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக வெளியிட்டிருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நீ கேட்டபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன். "போன்ல சொல்லாதடி, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். எழுது. படுத்த இடத்துல திரும்பத் திரும்பப் படிக்கணும்" என்றாய். கூடவே இன்னொன்றும் சொன்னாய். படிக்கட்டில் நீ உருண்டு விழும்போது ஜனங்கள் சிரித்தால், கால் தேறியதும் இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன் என்று சண்டை மாஸ்டரிடம் சொல்லிவிடுவாய். சிரிக்காவிட்டால் டூப் போடும் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவாய்.

எனக்குப் புரிகிறது அம்மா. இத்தனை வருஷமும் மாஸ்டர் சொன்ன இடத்தில் குதித்தாய், சொன்ன கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனாய். இந்த ஒரு விழுதலைத்தான் நீயே யோசித்து, நீயே நடித்துக் காட்டி, மாஸ்டரைச் சம்மதிக்க வைத்தாய். அதில்தான் காலும் உடைந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய முடிவைப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் கையிலா கொடுப்பது? "உள்ளது உள்ளபடி எழுது, கூட்டாத, குறைக்காத" என்றாய். ஆகட்டும்.

பகல் காட்சிக்கு அத்தையும் குட்டியும் நானும் போனோம். அப்பா வரவில்லை. தீபாவளி அவசரமா பொங்கல் அவசரமா என்று அத்தை கேட்டதற்கு, தையல் நிறையச் சேர்ந்துவிட்டது என்றார். கடையில் இரண்டே இரண்டு ரவிக்கைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கதை உனக்குத் தெரியும். உனக்கும் பாதிதான் தெரியும் என்பாய். நாட்டின் ராணுவ ரகசியம் ஒரு கிழவரின் பல்செட்டுக்குள் இருக்கிறது. அதைக் கைப்பற்றத்தான் உளவுக்காரியான கதாநாயகி ஓட்டலில் பரிமாறுகிற பெண்ணாக வேஷம் போடுகிறாள். உதவிக்கு வருகிற கதாநாயகன் உபத்திரவம் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஜனங்கள் அவன் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டதற்கு நன்றாகச் சிரித்தார்கள். கார் துரத்துகிற இடத்தில் பலர் தின்பண்டம் வாங்க எழுந்து போனார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பல்செட் வரும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கும் பல்செட்தான் என்று அத்தை காதோடு சொன்னார்.

குட்டியை வைத்துக்கொண்டு படம் பார்ப்பது பெரும்பாடு. கதாநாயகி முதுகைக் காட்டி நின்றாலே "அது எங்கம்மா!" என்று கத்துகிறாள். முன்வரிசைக்காரர் திரும்பி, "இந்தப் பொண்ணு உங்கம்மான்னா நான் அவங்க மாமனாரு" என்றார். "எங்க தாத்தா செத்துட்டாரே" என்றாள் இவள். அந்த இடத்தில் விழுந்த சிரிப்பு படத்தில் வேறு எங்கேயும் விழவில்லை.

ஆனால் முக்கியமான இடத்தில் அத்தை காரியத்தைக் கெடுத்துவிட்டார். நீ தட்டைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் உச்சிக்கு வந்ததும் ஒரு கையால் குட்டியின் கண்ணையும் இன்னொரு கையால் என் கண்ணையும் இறுக்கி மூடிவிட்டார். என் மூக்குக் கண்ணாடி வளைந்தே போயிற்று. காதில் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அது நீ விழுந்ததற்கா, அல்லது நீ முன்பே சொல்லியிருந்தபடி அடுத்து கதாநாயகி எழுந்து, உடையாமல் மிஞ்சிய ஒரே குவளையை எடுத்து மடமடவென்று குடிப்பதற்கா என்று தெரியவில்லை. தெரியாததை நான் எழுத மாட்டேன். மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை மாஸ்டரிடம் எதுவும் சொல்லிவிடாதே.

உன் மூத்த மகள்

*

அன்புள்ள அம்மாவுக்கு,

மறுபடி பார்த்தாகிவிட்டது. இந்த முறை என் தோழியோடும் அவள் அக்காவோடும் போனேன். ஓரத்து நாற்காலியாகக் கேட்டு வாங்கி, உன் காட்சி வரும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இருந்த அண்ணன், "பாப்பா, படம் அந்தப் பக்கம் ஓடுது" என்றார். எனக்கு வேண்டிய படம் இந்தப் பக்கம்தான் என்று சொல்ல நினைத்தேன். மரியாதை கருதிச் சொல்லவில்லை.

அப்போது பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். உன் கால் வழுக்கியதும் எல்லோர் வாயிலிருந்தும் ஓர் "ஐயோ" வந்தது. அப்புறம், நீ போனில் விவரித்திருந்ததால் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, நீ பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, தட்டை மட்டும் தலைக்கு மேலே பிடித்தபடி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாய். குவளை ஒவ்வொன்றாக விழ விழ, சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. பாட்டி மாதிரி உடை உடுத்திய ஓர் இளம் பெண், "ஐயோ பாவம், ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்லூரிப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். நீ கடைசிப் படியில் வந்து மோதிய சத்தம் கேட்டபோது சிரிப்பு உச்சத்தில் இருந்தது. கதாநாயகி குடித்தபோது அது கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆகவே சந்தேகமில்லை. சிரித்தது உனக்குத்தான்.

கடைசி நொடியில் நானும் திரும்பித் திரையைப் பார்த்தேன். நானும் சிரித்தேன் அம்மா. உன் கால் என்ன ஆயிற்றோ என்று பயந்தேன், வாய் சிரித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வெளியே வரும்போது கேட்ட பேச்சுகளையும் எழுதிவிடுகிறேன். ஒருவர், "மூளையைக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்தா ஜாலியா இருக்கும்" என்றார். அவர் மனைவி, "அதுக்கு முதல்ல அது இருக்கணும்" என்றார். "கதைன்னு ஒண்ணும் இல்ல, ஆனா வெயிலுக்கு நல்லாருந்துச்சு" என்றார் இன்னொருவர். ஒரு பெண், "அந்த ஹீரோயினுக்கு எவ்ளோ தைரியம், எப்படி உருள்றா பாரு" என்றாள். நான் நின்று, அது அவர் இல்லை, வேறொருவர் என்று சொன்னேன். "ஓஹோ" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது அப்பா வெட்டுமேசையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரும் பெருசா சிரிக்கலைன்னு எழுதிடேன். படம் சுமார்னு பேப்பர்லயே போட்டுட்டானே" என்றார். நான் பார்த்ததைத்தான் எழுத முடியும், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு நீங்களே வேறு மாதிரி எழுதுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கம்மா இனிமே வீட்ல இருந்தா உனக்கு வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டும் அம்மா. அதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பள்ளி விட்டு வந்து கதவைத் தட்டினால் நீ திறக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் வேண்டும் என்பது வேறு, சிரித்தார்கள் என்பது வேறு. இந்தக் கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்க்கிறேன்.

உன் மூத்த மகள்

*

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதத்தையும் இதையும் ஒன்றாகவே, ஒரு பொட்டலத்தில் வைத்து அனுப்புகிறோம். பொட்டலத்தில் என்ன என்று தடவிப் பார்க்காதே. முதலில் இதைப் படி.

நேற்று மதியம் அப்பா கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "வாடி, எந்தத் தியேட்டர்?" என்றார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். படம் தொடங்கியதிலிருந்து அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் அளவு நாடா துருத்திக்கொண்டிருந்தது, எடுத்து வைக்க மறந்துபோய் அப்படியே வந்திருக்கிறார். உன் முதுகு வந்த இடங்களை எல்லாம் நான் சொல்வதற்கு முன்பே, "இது அவ… இது இல்ல… இது அவ" என்று முணுமுணுத்தார். ஒன்றில்கூடத் தப்பவில்லை. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ரவிக்கை தைக்கிறவனுக்குத் தெரியாதா என்றார்.

படிக்கட்டு வந்தது. ஐயோ என்றார்கள், சிரித்தார்கள், குவளைகள் உடைந்தன. நீ கடைசிப் படியில் இடது பக்கமாக வந்து மோதியதும் கொட்டகையே வெடித்துச் சிரித்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன, மேல் அலமாரியிலிருந்து சரிகிற துணிக்கட்டைத் தாங்கப் போகிறவர் மாதிரி. பின்னாலிருந்து, "யோவ், உக்காருய்யா, தலை மறைக்குது" என்று கத்தினார்கள். அதற்குள் திரையில் கதாநாயகி எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததும் அப்பா உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

படம் முடிந்து வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். நேரே போய் அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கி வந்தார். டிக்கெட் கிழிக்கிறவர், "அவ்ளோ பிடிச்சுப்போச்சா சார்?" என்றார். "ஒரு சீன் மட்டும் சரியாப் பார்க்கல" என்றார் அப்பா. இரண்டாவது தடவை அவர் எழுந்திருக்கவில்லை. முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பொத்தான் துளை தைக்கும்போது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அந்தக் காட்சி முடிந்ததும் போகலாம் என்றார். வெளியே தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது.

வழியில் பேசினார். விழும்போது அடிபடாமல் இருக்க உன் உடைக்குள் வைக்கிற ஸ்பாஞ்ச் பட்டைகளை எப்போதும் அவர்தானே தைத்து அனுப்புவார். இந்தப் படத்தில் பாவாடை ஒட்டினாற்போல் இருக்கிறது, இடுப்புப் பட்டை துருத்திக்கொண்டு தெரிகிறது, என்ன செய்வது என்று நீ படப்பிடிப்பிலிருந்து கேட்டாயாம். கீழே கொஞ்சம் வெட்டிக்கொள் என்று அவர் போனில் சொன்னாராம். "வெட்டின இடத்துலதான் பட்டிருக்கு. நான் சொல்லித்தானே வெட்டினா" என்றார். இவ்வளவு நாளும் இது எனக்குத் தெரியாது. அவர் ஏன் படத்துக்கு வர மாட்டேன் என்றார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெட்டின இடத்தில்தான் அடிபட்டது என்று நீ யாரிடமும் சொல்லவில்லையே அம்மா, அவரிடம்கூட.

அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "சிரிச்சாங்கன்னே எழுது. நல்லா சிரிச்சாங்க. அவ சுத்தின சுத்துக்குச் சிரிக்கலைன்னா அவனுங்க மனுஷனே இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புது ஸ்பாஞ்ச் எடுத்தார். அளவு பார்க்க அத்தையை நிற்க வைத்தார். "பட்டையைக் கட்டிவிட்டுட்டு என்னையும் மாடிப்படில உருட்டிடாதடா தம்பி" என்று அத்தை நடுங்கினார். "உன்னை உருட்டினா படிதான் உடையும்" என்றார் அப்பா. அவர் கிண்டல் செய்து எவ்வளவு நாளாயிற்று! பொட்டலத்தில் இருப்பது அதுதான். இடுப்பிலிருந்து தொடைக்கு நடுவரை வருகிறது. வளைகிற இடத்தில் துண்டு துண்டாக வைத்துத் தைத்திருக்கிறார், உட்கார்ந்தால் துருத்தாது. ஒட்டிய பாவாடைக்குள்ளும் தெரியாதாம். தெரிந்தால் பாவாடையைப் பெரிதாகத் தைக்கச் சொல்லு, பட்டையில் கை வைக்காதே என்று எழுதச் சொன்னார். மாஸ்டருக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று. அந்தக் காட்சியை இத்தனை தடவை பார்த்துவிட்டேன். விழுகிறது நீ, எழுந்திருக்கிறது கதாநாயகி. நீ எழுந்திருப்பதை இன்னும் நான் பார்க்கவில்லை. குட்டியும் அதையேதான் கேட்கிறாள், "அம்மா எப்ப எந்திரிப்பாங்க?" என்று. படத்தில் இல்லை, வீட்டில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சித்தி சொல்கிறபடி தினமும் நட அம்மா. வலித்தாலும் நட. நம் வீட்டு வாசலில் உள்ள படிகளில் கைப்பிடிக் கம்பி இல்லை என்று அப்பா இன்று கொல்லரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

நீ வந்து கதவைத் தட்டு. நான் திறக்கிறேன்.

உன் மூத்த மகள்