நான்காம் தெருவின் பின்கதவு

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆக ஆறு உதை.

கன்னியம்மன் நகரில் வீடு வீடாகக் கர்ப்பிணிக் கணக்கு தொடக்கம். துணை சுகாதார நிலையச் சுவரில் தொங்கும் படத்தில் ஆறு தெரு. ஆறும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர், தலைக்கு இருபது அடி அகலம். வயலை மனை பிரித்தபோது போட்ட படம். இப்போது ஒவ்வொரு மனையிலும் பத்துப் பதினைந்து ஒற்றை அறைகள், ஒட்டி ஒட்டி. எல்லாம் கம்பெனி ஆட்களுக்கு வாடகை.

நானே ஒன்று வரைந்துகொண்டேன், என் உபயோகத்துக்கு.

1 – ஆம்புலன்ஸ் வேன் போகும்.
2 – ஆட்டோ போகும். திருப்ப முடியாது.
3 – வேன் போகும். ரிவர்ஸில்தான் வெளியே வரணும்.
4 – ஆள் மட்டும். முடிவில் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். முட்டு.
5, 6 – நாளை.

நான்காம் தெருக் கோடியிலிருந்து மூன்றாம் தெருவுக்கு ஒரு சந்து இருந்தது. போன வருஷம்கூட அதில் நடந்திருக்கிறேன். இன்று போனால் சந்தைக் காணோம். கடைசி மனைக்காரர் குறுக்கே மூன்று பாத்ரூம் கட்டிவிட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "வழி இல்ல சிஸ்டர், சுத்திதான் போவணும்" என்றான். வந்த வழியே திரும்பினேன். ஏனோ வேகமாக நடந்தேன்.

இட்லி மாவு வாங்க மறந்தாச்சு.

அக். 17, வெள்ளி

புழுக்கம். நான்காம் தெருவின் கடைசி அறையில் புதுப் பதிவு. முத்துமாரி, 22 வயது, கோவில்பட்டிப் பக்கம். முதல் பிரசவம், 35 வாரம். இத்தனை நாள் தனியார் கிளினிக்கில் இரண்டே தடவை காட்டியிருக்கிறாள். ரத்த அழுத்தம் 140/90. கால் வீக்கம். விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

"தலைவலி உண்டாம்மா?"

"இல்லக்கா. நின்னுக்கிட்டே வேல பாத்தேம்லா, அதான் காலு."

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வீங்கிய தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வீட்லயும் சேக்க மாட்டாக. நாங்களா கட்டிக்கிட்டோம்."

கணவன் கணேசன், கார் பாகம் செய்யும் கம்பெனி. ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். அறையில் ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்.

மாத்திரை கொடுத்தேன். என் நம்பரும். தலைவலி, கண் மங்கல், நெஞ்செரிச்சல், எது வந்தாலும் உடனே போன் என்று மூன்று முறை சொன்னேன். முன்தெருவில் அறை பார்க்கச் சொன்னேன். "குடும்பம்னா தர மாட்டேங்காக அக்கா. பேச்சிலருக்குத்தான் விடுவாகளாம்."

அக். 18, சனி

நான்காம் தெரு முகப்பில் ஏழுமலை வீட்டில் வேலை நடக்கிறது. அந்தத் தெருவில் பாதி லைன் வீடு அவருடையது. மாடி எழுப்புகிறார். மாடிப்படியைத் தெருவில் இறக்கியிருக்கிறார். உள்ளே இறக்கினால் ஓர் அறை குறையும்.

வயிறு அளக்கும் டேப்பை எடுத்து, படிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் பிடித்தேன். 71 செ.மீ.

"இன்னா சிஸ்டரு, தெருவுக்கு எத்தன மாசம்?" என்று சிரித்தார் ஏழுமலை. கெட்டவர் இல்லை. கொரோனா சமயத்தில் என் பின்னாலேயே கிருமிநாசினி தூக்கிக்கொண்டு வந்தவர்.

ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்றேன்.

"ஆள் நடக்கறதுக்கு வயி கீதுல்ல. மிச்சம் எதுக்கு? எல்லாருந்தான் இசுத்துகினு கட்றாங்கோ. நான் ஒருத்தன் வுட்டா மட்டும் தெரு அகலமாய்டுமா?"

டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

அக். 20, தீபாவளி

வீட்டில் இருந்தேன். கேசரி அடிப்பிடித்தது. சாயங்காலம் முத்துமாரிக்குப் போன். நகரே காலியாம், எல்லோரும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்களாம். "எங்க லைன்ல நான் மட்டுந்தான் அக்கா. கூப்ட்டா கேக்க ஒரு ஆளு இல்ல" என்றாள். கணேசனுக்கு இன்றும் கம்பெனியில் ஓவர்டைம்.

அக். 24, வெள்ளி

தூறல். படி விஷயமாகப் புகார் எழுதி உரிய இடத்தில் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, "இது உங்க டிபார்ட்மெண்ட் இல்லயே மேடம்" என்றார். சீல் மட்டும் வைத்துக் கொடுத்தார்.

முத்துமாரி: 146/94. ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடு என்றேன். கணேசனும் இருந்தான். தலையாட்டினான். "திங்கக்கிழமை லீவு கேக்கேன் அக்கா." கம்பெனி லைனில் ஆள் இல்லையாம், சூப்பர்வைசர் தருவாரா தெரியவில்லையாம்.

அக். 29, புதன்

இரண்டு நாளாக நல்ல மழை. தடுப்பூசி முகாம், 31 குழந்தைகள். குடை ஒரு கம்பி போச்சு.

திங்கள் லீவு கிடைக்கவில்லை. ஒன்றாம் தேதிக்குப் பிறகாம். முத்துமாரியை வற்புறுத்தி ஆட்டோவில் நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை மாற்றினார். நவம்பர் 4ஆம் தேதி வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

திரும்ப வந்தால், ஏழுமலையின் படிக்குப் பக்கத்தில் குழி. மாடிக்குப் புது செப்டிக் டேங்க். படிக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த இடம் முழுக்க. மேலே ஒரே ஒரு பலகை. உள்ளே மழைத்தண்ணீர் நிரம்பி, எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. முத்துமாரி என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தாள். பலகை வளைந்தது.

"ரெண்டு நாள்ல மூடிடுவேன் சிஸ்டரு. மய வுடட்டும்" என்றார் ஏழுமலை.

குழிக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது அறைகள். எண்ணினேன்.

குழியைத் தாண்டி வலது கையில் கோவிந்தம்மாவின் வீடு. கணவர் இல்லை, ஒரே மகள். முன்வாசல் நான்காம் தெருவில். அடுப்படியில் ஒரு பின்கதவு. அது மூன்றாம் தெருவில் திறக்கும். போய்க் கேட்டேன், அவசரம் என்றால் மட்டும்.

"ஆவாது சிஸ்டரு. வயசுக்கு வந்த பொண்ண வச்சிகினு கீறேன். ஒரு தபா தொறந்தா, அப்பால பஸ்ஸுக்கு ஓடற பசங்க மொத்தமும் என் அடுப்பங்கரைல நடப்பானுங்க."

கதவை மறைத்து ஒரு பீரோ நிற்கிறது. டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நவ. 3, திங்கள்

வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மதியம் 2.20. இரண்டாம் தெருவில் இருந்தேன். முத்துமாரி போன். "யக்கா, தல பொளக்கு. கண்ணு இருட்டிக்கிட்டு வருது." பிறகு ஏதோ விழும் சத்தம். லைன் கட் ஆகவில்லை, பேச்சும் இல்லை.

ஆம்புலன்ஸுக்கு அடித்துக்கொண்டே ஓடினேன். பலகையை எப்படித் தாண்டினேன் என்று நினைவில்லை. அறையில் வலிப்பு. இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் நுரையைத் துடைத்து, தலைக்குத் துணி வைத்தேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய பையன்கள் நாலு பேர் லுங்கியோடு எழுந்து வந்தார்கள்.

ஷிப்ட் மாறும் நேரம். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வரிசை. டிரைவர் போனில் கத்துகிறார்: "சைரன் போட்டுகினுதான் கீறேன் மேடம், எவனும் ஒதுங்க எடமில்ல." 2.35. 2.40. இரண்டாவது வலிப்பு.

"பலகை வழியா தூக்கிட்டுப் போயிரலாமாக்கா?" என்றான் ஒரு பையன். ஒரு ஆளுக்கே வளைகிற பலகை. வேண்டாம் என்றேன். கோவிந்தம்மா வீட்டுக்கு ஓடினேன். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே பீரோவிலிருந்து துணிகளை வாரித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாவி துருப்புடிச்சி கெடக்குது. பூட்ட ஒடைக்கச் சொல்லு."

மகள் அம்மிக்குழவியை எடுத்துக் கொடுத்தாள். மூன்று அடியில் பூட்டு விழுந்தது. டிரைவரிடம் மூன்றாம் தெரு என்று சொன்னேன். 2.52க்கு வேன் ரிவர்ஸில் வந்து நின்றது. போர்வையில் கிடத்தி, கோவிந்தம்மாவின் கூடம், அடுப்படி வழியாகத் தூக்கிப் போனோம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.

ஆபரேஷன். பெண் குழந்தை, 2 கிலோ 100. அழுதது. முத்துமாரிக்கு நினைவு வரவில்லை. கணேசன் ஷிப்ட் முடிந்து போனைப் பார்த்துவிட்டு வந்தான். யூனிஃபார்மோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

நவ. 4, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கண் திறந்தாள். குழந்தை இன்குபேட்டர் பெட்டியில். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

இன்றுதான் சேரச் சொன்ன நாள்.

நவ. 6, வியாழன்

காலை வெயில். குழியை மூடிவிட்டார்கள். மேலே சிமெண்டு ஸ்லாப், தெருவை விட ஒரு அடி உயரம். ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் வந்தாராம். படி அப்படியே. கைப்பிடிக்கு இரும்புக் கம்பி வந்து இறங்கியிருக்கிறது.

நான்காம் தெருவில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள். ஏழு மாதம், ஐந்து மாதம். இரண்டு பேரும் படிக்கு அந்தப் பக்கம்.

கோவிந்தம்மாவுக்கு நன்றி சொல்லப் போனேன். அடுப்படியில் கொத்தனார். பின்கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தார். இடுப்பு உயரம் வந்திருந்தது.

"நீயே பாத்தியே சிஸ்டரு. பூட்டு ஒடைஞ்ச மறுநாள் காலைல ரெண்டு பேரு, 'ஷார்ட் கட்டு ஆன்ட்டி'ன்னு பூந்து போறானுங்க. பொண்ணு நைட்டியோட நின்னுகினு கீது. நான் இன்னா பண்ணட்டும்?" பிறகு, "கொயந்த பால் குடிக்குதா?" என்றார். துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவை இரண்டை என் கையில் கொடுத்தார். குழந்தைக்குப் போர்த்தவாம்.

அடுத்த வாரம் முத்துமாரியும் கணேசனும் குழந்தையோடு அதே அறைக்குத்தான் வருகிறார்கள். வேறு எங்கும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கொத்தனார் கரண்டியோடு கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த கல்லை வைத்தார்.

பத்து நிமிஷத்தில் மழை பிடித்துக்கொண்டது. பூச்சு கரைந்துவிடும், தார்ப்பாயைக் கட்டு என்றார் கோவிந்தம்மா. காற்றில் மகள் ஒருத்தியால் தார்ப்பாயை அடக்க முடியவில்லை. புடவைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையை நான் பிடித்தேன்.