முன்வாசலில் வந்த தம்பதி

கபுவேயின் அப்பாவுக்கு,

அங்கே மழை பிடித்துக்கொண்டதாமே, உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். ஜாம்பேசி ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, நீர்யானைகள் எங்கள் விடுதிப் படி வரை வருகின்றன. பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. ஒரு கணவனும் மனைவியும் டாக்சியில் வந்து இறங்கி, பைகளோடு நான் வேலை பார்க்கும் வரவேற்பறைக்குள் வந்தார்கள். நம் ஊர்க் கறுப்பு முகங்கள். நான், "சாமான் கொண்டு வந்தவங்க பின்பக்கமா போங்க" என்றேன்.

"சாமான் இல்லம்மா, தேனிலவு. இருபது வருஷம் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார் அவர்.

அவர் என் பெயர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "அட, பெம்பாவா! நாங்க ங்கோனி. குரங்கு தின்னுற கூட்டத்துக்கு எஜமானை எப்படி அடையாளம் தெரியும்?"

பெம்பா, ங்கோனி இரண்டு இனத்துக்கும் ஒருவரையொருவர் கேலி செய்யும் பழைய முறை இருக்கிறதே, "எலி தின்னிங்க வாசல் மாறிட்டீங்கன்னு நினைச்சேன்" என்று நானும் சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்காமல், புது உடையின் மடிப்பை நீவிக்கொண்டே நின்றாள்.

எந்த வெள்ளைக்காரரையும் நான் பின்பக்கம் போகச் சொன்னதில்லை. அன்று அந்தத் தம்பதியின் படுக்கையில் நானே பூத் தூவினேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்சம் காய்ந்த பீன்ஸ் கொடுத்தனுப்புங்கள். வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். ஊழியர் குடும்பத்துக்குப் பாதி விலையில் ஆற்றோர அறை உண்டு. இத்தனை வருடத்தில் உங்களை அங்கே வைத்து நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தபால் படகு கிளம்புகிறது. முன்வாசல் வழியாக வாருங்கள். நான் எழுந்து நிற்பேன்.

சிலேஷே