எஞ்சினுக்குக் கீழே வைத்த பலகை

இஞ்சாருங்கோ, என் அன்பானவரே,

உங்கள் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு, ‘கண்ணீரில் மிதக்கிறோம்’ என்று அச்சடிக்கலாம் என்றான் உங்கள் தம்பி ஜெறோம். வேண்டாம் என்றேன். கண்ணீர் எப்போதோ வடிந்து முடிந்துவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது ஆத்திரம்தான். அதை எழுதினால் கேட்பீர்களா? உயிரோடு இருந்தபோது நான் சொன்ன எதைக் காதில் வாங்கினீர்கள்?

பதினைந்து குதிரைவலு எஞ்சின் நமக்குப் போதும். விடத்தல்தீவில் எத்தனையோ பேர் அதைப் பூட்டித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் பக்கத்து மீன்வாடிக்காரன் பெரிய எஞ்சின் வாங்கி, உங்கள் முகத்தில் தண்ணீர் தெறிக்க முந்திப் போய்விட்டான். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை. “அவனுக்குக் குதிரை கூட எண்டால் எனக்கு மூளை கூட” என்றீர்கள். மூளையாம்!

முதலில் படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டினீர்கள். நல்ல வேலை, நானும் கூட நின்று சுரண்டினேன். மண்ணெண்ணெய்க் கலனை முன்னால் தள்ளி வைத்தீர்கள். படகு மூக்கைத் தூக்காமல் சீராக ஓடியது. அதோடு விட்டிருக்கக் கூடாதா? அடுத்து எஞ்சினுக்குக் கீழே ஒரு பலகையை வைத்து, நாலு விரல் உயர்த்திப் பூட்டினீர்கள். எஞ்சினின் கால் தண்ணீரில் குறைவாக இறங்கினால் இழுவை குறையும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தீர்கள்.

இழுவை குறைந்தது உண்மை. படகு பறந்தது. ஆனால் அந்தக் கால் வழியாகத்தானே எஞ்சின் கடல்நீரை உறிஞ்சி, தன் சூட்டைத் தணித்து, பக்கத்தால் பீச்சுகிறது? அலை எழும்பினால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சாதா? கடல்தொழிலே தெரியாமல் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்த எனக்கே இது விளங்கியதே.

அதுவும் போதாதென்று பாரம் குறைக்கத் தொடங்கினீர்கள். துடுப்பு இறங்கியது, மிதவை அங்கி இறங்கியது, கடைசியில் நங்கூரமும் கயிற்றோடு மணலில் இறங்கியது.

கடலுக்குப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது நம் கரையின் வழக்கம். தெரிந்துதான் கூப்பிட்டேன். “இஞ்சாருங்கோ, நங்கூரம் கிடக்குது! ஏத்திக்கொண்டு போங்கோ!”

“வாயை மூடடி! போற நேரத்திலை பின்னாலை கூப்பிடுறியே?”

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினீர்கள். நீங்கள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் திருப்பலியில் முழந்தாளில் நிற்பது?

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோக, வாடைக்காற்று உங்கள் படகை வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது. மன்னார்த் தீவுப் பக்கத்துக்காரர்கள் அதைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். படகில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள்தான் இல்லை. தண்ணீர் ஏறாமல் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது என்று மெக்கானிக் கழற்றிக் காட்டினார். கரை கண்ணுக்குத் தெரிந்ததும் நீந்திவிடலாம் என்று குதித்திருக்கிறீர்கள். நங்கூரக் கயிறு எட்டாத ஆழம் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால், பின்னால் வந்தவர்கள் ஏற்றி வந்திருப்பார்கள். நான் சோறும் போட்டு, வயிறு நிறையத் திட்டியும் இருப்பேன்.

“பின்னாலை கூப்பிட்டு என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டாள்” என்று உங்கள் அம்மா இன்றுவரை சொல்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பலகையைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. உங்கள் வேகத்தை மட்டும் இன்னும் புகழ்கிறார்கள். அந்த வாய்களில் மணலைப் போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

இனி ஊர்ப் புதினத்தைக் கேளுங்கள். ஜெறோம் அந்த எஞ்சினைத் திருத்திவிட்டான். வருகிற ஞாயிறு திருவிழாப் படகோட்டத்தில் உங்கள் படத்தை முன்னால் கட்டி ஓடப் போகிறானாம். “அண்ணாவின்ரை பேர் நிலைக்க வேணும்” என்கிறான். நேற்று ஓடிப் பார்க்க இறங்கினான். எஞ்சினுக்குக் கீழே அதே பலகை, மணலில் அதே நங்கூரம்.

இந்த முறை நான் கூப்பிடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அதைப் படகுக்குள் போட்டு, நானும் ஏறி உட்கார்ந்தேன்.

“அண்ணி, இறங்குங்கோ. பாரம்.”

“ஓம், பாரம்தான். பலகையை எடுத்துப்போட்டு ஓடு பாப்பம்.”

“ஆக்கள் பாத்துச் சிரிக்கினம், அண்ணி!”

“உன்ரை அண்ணா போகேக்கையும் பாத்துக்கொண்டுதானே நிண்டவை?”

என்னை ஏதேதோ திட்டிக்கொண்டு எஞ்சினைக் கழற்றினான். பலகையை உருவி மணலில் வீசினான். என் மேல் வீசத்தான் நினைத்தான் போல. பிறகு எஞ்சினைத் தாழ்த்திப் பூட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

நான் எஞ்சினைப் பார்த்தபடி இருந்தேன். போன வழியெல்லாம் அது தண்ணீரைப் பீச்சிக்கொண்டே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானே? யாரை முந்தினோம் என்று பார்த்த கண்ணால் இதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

ஞாயிறும் நான் அந்தப் படகில் இருப்பேன். அவன் தூக்கி இறக்கினாலும் திரும்ப ஏறுவேன். உங்கள் படம் கட்டிய படகு கடைசியாகத்தான் கரைக்கு வரும், ஊர் கைகொட்டிச் சிரிக்கும். சிரிக்கட்டும். என்னைக் கொலைகாரி என்கிற உங்கள் அம்மாவின் கையில், அவருக்கு மிஞ்சியிருக்கிற பிள்ளையை நான் உயிரோடு கொண்டுவந்து கொடுப்பேன். இது சத்தியம்.

இன்னும் உங்களோடு சண்டை தீராத
உங்கள் மனைவி,
மெற்றில்டா