யதுவைக் கையளித்த கிழமை

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை இரண்டும் பக்கத்து வீட்டு வேலியில். எடுத்து வந்து அயன் பண்ணினேன். பண்ணி முடித்த பிறகுதான், இனி யதுவுக்கு இது எதற்கு என்று நினைப்பு வந்தது. ஆனாலும் மடித்து அலுமாரியில் வைத்தேன்.

யதுவின் கனடா ரிக்கெட் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை கட்டுநாயக்காவில் பிளேன் ஏறுகிறாள். தனியே. ஒன்பது வயது.

யதுவின் தாய் வாசுகி, இவரின் தங்கை, கனடாவுக்குப் போகும்போது பிள்ளைக்கு மூன்று வயது. அகதியாகப் போனவ. திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போக அவவுக்கு ஏலாது. எங்களுக்கு அங்கே போக விசா இல்லை. தகப்பனுக்கு வேறு குடும்பம், எங்களோடு கதை இல்லை. ஆகவே விமானக் கொம்பனியே கூட்டிக்கொண்டு போகுமாம். தனியாகப் போகிற பிள்ளைகளுக்கென்று ஒரு சேவை. கழுத்தில் அட்டை மாட்டி, கையைப் பிடித்து ஏற்றி, நடுவில் விமானம் மாற்றி, கடைசியில் பெயர் கொடுத்த ஆளிடம் மட்டும் கையளிப்பார்கள்.

நான் வேலை செய்கிற பாமசியில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து அவர்களின் கொழும்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். கேட்டவை:
கழிவறைக்கு ஆர் கூட்டிப்போவது?
சத்தி, வாந்தி என்று வந்தால்?
மாறுகிற ஊரில் ஆர் பொறுப்பு?

போனில் கதைத்த பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "எல்லாம் எங்கட ஆக்கள் பாப்பினம் மிஸ். பயப்பிடாதேங்கோ." கடைசிக் கேள்விக்கு மட்டும் போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "நீங்க தந்த நேரத்தில இருந்து தாயிட்ட குடுக்கிற வரைக்கும் எங்கட பொறுப்பு மிஸ்."

இருமல் மருந்துக்கு வந்தவர் கவுண்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு வயிற்று மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்லகாலம், அவரே பார்த்துவிட்டார்.

ஜூலை 2, புதன்

வெயில். தண்ணீர் பின்னேரம்தான் வந்தது.

இவர் வேலையால் வந்ததும் யதுவுக்கு இங்கிலிஷ் பழக்கம். கல்யாணத்துக்குக் கட்டின ரையை எடுத்துச் சாரத்தோடேயே கழுத்தில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார், விமானக்காரராம். யது வந்து "எக்ஸ்கியூஸ் மீ, ஐ ஆம் ஹங்ரி" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, பிளேனில சாரம் கட்டினவை இருக்க மாட்டினம்."

படுக்கும்போது கேட்டாள். "மாமி, அம்மா உயரமோ?"

"ஏன் குஞ்சு?"

"போனில முகம் மட்டும்தானே தெரியிறது."

என்னைவிடக் கொஞ்சம் உயரம் என்றேன். உண்மையில் எனக்கும் மறந்துபோய்விட்டது. இவரிடம் கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

அரை நாள் லீவு. பாக் அடுக்கினேன். குளிர்ச் சட்டை மார்க்கெட்டில் இல்லை, கடைக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார், இந்த வெயிலுக்குள் குளிர்ச் சட்டையாம். தடித்த சட்டை இரண்டு, மிளகாய்த்தூள் ஒரு பை, சூடைக் கருவாடு (வாசுகி கேட்டது), சாமிப்படம். கருவாட்டை மூன்று பையில் சுற்றியும் மணக்கிறது. எடுத்து வெளியே வைத்தேன். பிறகு பாவமாக இருந்தது, இன்னொரு பை சுற்றித் திரும்ப வைத்தேன்.

யது தன் சிநேகிதிகளிடம் போய்வந்தாள். அழவில்லை. நான்தான் குசினிக்குள் நின்று வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் தேவையில்லாத கறி.

ஒரு நினைப்பு வருகிறது. எழுதவும் வெட்கம். பிளேன் ஓடாமல் விட்டால் என்ன.

ஜூலை 5, சனி

திரும்புகிற வாடகை வானுக்குள் இருந்து எழுதுகிறேன். தம்புள்ளை தாண்டியாகிவிட்டது. கிண்ணியா நிஸ்தார் நானா ஓட்டுகிறார். போகும்போது யதுவோடு கதைத்துக்கொண்டே வந்த மனிதன், இப்போது ரேடியோவைக்கூடப் போடவில்லை. இவர் முன் சீற்றில். நித்திரை என்று நினைத்தேன். இல்லை.

நேற்றுப் பின்னேரமே போய் நீர்கொழும்பில் தங்கினோம். காலையில் விமான நிலையம். எங்களுக்கென்று ஒரு மேசை, சீருடையோடு ஒரு இளம் பெண். நல்ல பிள்ளை. யதுவுக்கு முன்னால் குந்தியிருந்து, அவள் உயரத்துக்கு வந்து கதைத்தாள்.

"நீங்க தான் யதுர்சிகாவோ? ஜன்னல் பக்கம் இருக்கப் போறீங்களோ, என்னோட நடக்கப் போறீங்களோ?"

"ரெண்டும்," என்றாள் யது.

பிறகு எழுத்து வேலை. அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர். "உறவு?" என்று கேட்டாள். நான் "மாமி" என்றேன். இவர் "தாய்மாமன்" என்றார். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு இவரின் பெயரை எழுதினாள். இரத்த உறவு என்றால் கேள்வி வராதாம். சரிதான். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வருசம் காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது நான், அவ்வளவுதான்.

கழுத்தில் அட்டை. கட்டிப்பிடித்தேன். தலையில் எண்ணெய் மணம். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவுக்குக் கிட்டப் போய்த் திரும்பிக் கத்தினாள்.

"மாமி! எண்ட செருப்பை வெளியில விடாதேங்கோ! நாய் கொண்டுபோயிரும்!"

வருகிற கிழமை திரும்பி வருகிறவள் மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

பின்னேரம். நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் இவர் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். லீவு முடிந்தது. நான் உடுப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசுகியின் போன். குரலே சரியில்லை.

"மச்சாள், மாறுற இடத்தில பிளேன் வெளிக்கிடேல்லையாம். ஏதோ திருத்த வேலையாம். பிள்ளை எங்கயெண்டு ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை. அனுப்பினவரைக் கேக்கச் சொல்லுகினம்."

இடையில் மாறுகிற ஊரில் யது. அங்கே இரவு முழுக்க. கொழும்பு அலுவலகத்துக்கு எடுத்தேன். இந்த முறை ஓர் ஆண் குரல்.

"நீங்க பிள்ளைக்கு ஆர்?"

"மாமி. நேற்று வந்து தந்தது நாங்கள்தான்."

"அனுப்பினவரிண்ட பேர் வேறயா இருக்கு. அவர் கதைச்சால்தான் விபரம் சொல்லலாம் மிஸ். பிள்ளையிண்ட பாதுகாப்புக்குத்தான் இந்த முறை."

பாதுகாப்புக்குத்தான். விளங்குகிறது. ஆனால் அப்போது அந்த மனிதனின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

இவரை எடுக்க ஏலாது. வேலை செய்கிற இடம் ஆமிக் காவலுக்குள். போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓட்டோ பிடித்தேன். சோப்பு நுரைக் கையோடு. வழியெல்லாம் அவள் கழிவறைக்குப் போயிருப்பாளோ, போயிருப்பாளோ என்று அதே ஒன்று. வேறு எதுவும் மண்டைக்குள் வரவில்லை.

வாசலில் ஒரு சின்ன வயது ஆமிக்காரன். சிங்களப் பிள்ளை. என் சிங்களம் கடைக்குக் காணும், இதற்குக் காணாது. "லமயா, லமயா" என்று மட்டும் வந்தது. பிள்ளை, பிள்ளை. பிறகு கையை விரித்துப் பிளேன் காட்டினேன். கோமாளி மாதிரி நின்றிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. தன் கதிரையை இழுத்து எனக்குப் போட்டான். தண்ணீர்ப் போத்தலைத் தந்தான். இவரின் பெயரைக் கேட்டு உள்ளே எடுத்தான். "அக்கா, வாறார். அழ வேணாம்."

இவர் ஓடி வந்தார். நாற்பத்தெட்டு வயதில் இந்த மனிதன் ஓடி நான் பார்த்ததில்லை. வாசலில் இருந்த போனை வாங்கி, வேப்ப மரத்தடியில் நின்று, போனைச் சத்தமாக வைத்துக் கொழும்புக்கு எடுத்தோம்.

இப்போது எல்லாம் சொன்னார்கள். பயணிகளை ஹோட்டலுக்கு அனுப்பியதாம். தனிப் பிள்ளைகளை அப்படி அனுப்புவதில்லையாம். விமான நிலையத்துக்குள்ளேயே பிள்ளைகளுக்கென்று ஓர் அறை, கூட ஒரு பெண் ஊழியர், இரவு முழுக்க. பின்னேரம் வேறு பிளேன்.

இவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, நீங்கள் வடிவாப் பாத்திருக்கிறீங்கள். சந்தோசம். ஆனா தாய்க்கு ஒரு சொல் சொல்ல ஏன் ஏலாமப் போனது? அதுவும் பாக்கிறதுதானே?"

அந்த மனிதன் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "சொல்லியிருக்க வேணும் சேர். எங்கட பிழைதான். இருங்கோ, அங்க லைன் எடுத்துப் பிள்ளையோட கதைக்கத் தாறன்."

யதுவின் குரல். "மாமா!"

இவர் போனை என்னிடம் தந்துவிட்டார். மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"மாமி, இஞ்ச ஒரு அன்ரி இருக்கிறா. மலையாளமாம். அவ கதைக்கிறது எனக்கு அரைவாசி விளங்குது. ராத்திரி எண்ட கால்மாட்டில இருந்தவ. நித்திரையே கொள்ளேல்ல."

"சாப்பிட்டனியோ?"

"ஓம். ஐ ஆம் ஹங்ரி எண்டனான், உடன தந்தவை."

"கழிவறைக்கு?"

"மாமி!" வெட்கம். "போனனான்."

பிறகு சத்தம் குறைந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாத கதை.

"மாமி, நான் திரும்பி வரட்டோ? இஞ்சயிருந்து வீட்டுக்குக் கிட்டத்தானாம். அன்ரி உலகப் படத்தில காட்டினவ."

இதை எப்படி எழுதுவது. நான் கேட்டிருந்ததுதானே. ஓடாமல் விட்டால் என்ன என்று இந்தக் கொப்பியிலேயே எழுதினவள் நான். வா என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்தது உண்மை.

"இல்லை குஞ்சு," என்றேன். "அம்மா ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளாமல் நிக்கிறா. உன்னைக் காணேல்ல எண்டு அழுறா. நீ போய்த்தான் அவவைப் பாக்க வேணும்."

"அம்மா அழுறாவோ?"

"ஓம்."

யோசித்தாள். "அப்ப நான் போறன். நீங்கள் அவவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, நான் வாறன் எண்டு."

அந்த மலையாளப் பெண் போனை வாங்கி, மெதுவான தமிழில், "கவலைப்படண்டா சேச்சி, நான் கூடவே இருக்கு" என்றாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். முகமும் தெரியாது.

வாசுகிக்கு எடுத்தேன். பிள்ளை கதைத்தாள், பின்னேரம் ஏறுகிறாள் என்றேன். எத்தனை மணிக்கு என்று இரண்டு தரம் கேட்டா. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஆமிக்காரனிடம் "ஹரி, ஹரி", எல்லாம் சரி என்று கட்டை விரலைக் காட்டினேன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஊறப்போட்ட உடுப்பு அப்படியே கிடக்கிறது.

ஜூலை 7, திங்கள்

போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விடிந்ததும் வாசுகியின் போன். சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னா. அங்கே கையளிக்கிற பெண் எல்லாக் கடதாசியும் பார்த்தாளாம், பாஸ்போர்ட்டும் பார்த்தாளாம். பார்த்த பிறகும் பிள்ளையின் கையை விடவில்லையாம். யதுவிடம் குனிந்து, "இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம். ஒரு தமிழ்ப் பயணி மொழிபெயர்த்தாராம்.

யது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போனில தெரியும்" என்றாளாம்.

"எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு மச்சாள். கொண்டுபோயிருவினமோ எண்டு பயந்திட்டன். அந்தப் பொம்பிளை கொஞ்ச நேரம் எங்களை அப்பிடியே நிக்க விட்டா. அவசரப்படுத்தேல்ல. பிறகு இவளே கிட்ட வந்து எண்ட கையைத் தொட்டுப் பாத்தாள். 'நீங்கள் மாமியை விட உயரம்தான்' எண்டாள்."

இவருக்குச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, எழுந்து வெளியே போய், ஒரு வேலையும் இல்லாமல் பைப்பைத் திறந்து பூட்டினார்.

பாமசிக்குப் போனேன். மத்தியானம் வரை சரியாக வேலை செய்தேன்.

ஜூலை 12, சனி

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வீடு கூட்டக் குப்பை இல்லை. பென்சில் சீவல் இல்லை, கடதாசித் துண்டு இல்லை.

இரண்டு நாளாகப் போன் வரவில்லை. நான் எடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். இன்று காலை தாங்க ஏலாமல் எடுத்தேன்.

"மாமி! இஞ்ச இரவிலயும் வெளிச்சம். பக்கத்து வீட்டில ஒரு பிள்ளை, சைக்கிள் தாறவள். கருவாடு எல்லாம் முடிஞ்சுது. அம்மாவே முழுக்கச் சாப்பிட்டிட்டா."

பின்னால் வாசுகியின் குரல். "யது, சோறு ஆறுது, வா."

"மாமி, பிறகு எடுக்கிறன், என்ன? அம்மா கூப்பிடுறா."

வைத்துவிட்டாள்.

இவர் வாசலில் நின்று கேட்டார். "என்னவாம்?"

"சாப்பிடப் போயிட்டாள்," என்றேன்.

அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பசிதான் வந்தது, இந்தக் கிழமை முழுக்க இல்லாத பசி. இவரைப் பேக்கரிக்குப் பாண் வாங்க அனுப்பியிருக்கிறேன். சம்பலுக்குத் தேங்காய் துருவ வேணும்.