வாசலை மறித்து நின்றவன்

நவம்பர் 25, 2024, திங்கள்

நான் சொன்னேன். ஆகஸ்டிலேயே சொன்னேன். நாங்கள் ஜெபம் பண்ணும் தகர ஷெட்டுக்கு முதல் கம்பம் நட்ட அன்றே, "மாப்பிள்ளை, இந்த எடத்துக்குக் கல்லு வரும்" என்று சொன்னவன் நான்தான். இந்தக் குன்னூர் மலையில் எது நடந்தாலும் எனக்கு மூன்று மாதம் முன்னால் தெரிந்துவிடும். முப்பத்தோரு வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டியவன், பர்லியார் வளைவில் பிரேக்கே இல்லாமல் வண்டியை இறக்கியவன் நான். எனக்குத் தெரியாதா?

நேற்று ஞாயிறு ஆராதனை. காலை பத்தரை. பனிமூட்டம் ஷெட்டுக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. சுரேந்திரன் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் என் தங்கை மகள் ஜெஸிந்தாவின் புருஷன். ஆறு நாள் பேக்டரி வேலை, ஏழாம் நாள் எங்களுக்குப் போதகர். திடீரென்று வெளியே கூச்சல். எஸ்டேட் லைன் வீடுகளில் நாலாம் லைனில் இருக்கும் சங்கிலி என்பவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் தம்பி அஜய் எங்களோடு ஜெபத்துக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்குக் கோபம். "எந்தம்பிய மாத்திப்போட்டீங்களே! ஷெட்டப் பிரிங்கடா!"

இருபது பேர் இருக்கும். கூரைமேல் கல் விழுந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக ஓடினார்கள். மாப்பிள்ளை மட்டும் பேசிப் பார்க்கலாம் என்று வாசலுக்குப் போனார். நானும் போய், தோளோடு தோளாக வாசலை மறித்து நின்றேன். ஒரு கல் அவருடைய இடது கண்ணுக்கு மேல் பட்டு, கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. ஏழு தையல்.

நான் மட்டும் இல்லாவிட்டால் எழுபது ஆகியிருக்கும்.

நவம்பர் 27

நல்ல குளிர். என் தங்கை சாவதற்கு முன்னால் பின்னிக் கொடுத்த குல்லாவைக் காணோம். காது விண்விண் என்று தெறிக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் நஞ்சப்பன் வந்திருந்தார். யார் எறிந்தது என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்ன பதில் இவ்வளவுதான்: "கூட்டிட்டு வந்தது சங்கிலிங்க சார். எறிஞ்சது யாருன்னு நான் பாக்கலீங்க."

இசக்கியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சபையில் மூத்தவள், யாருக்கும் பயப்படாதவள். "பாக்கலைன்னா என்னங்க பாஸ்டரு? கூட்டிட்டு வந்தவன் எறிய மாட்டானா? அவம்பேரச் சொல்லுங்க!"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கல் எறிந்தவனுக்காக ஜெபம் பண்ணினார். பெயரே சொல்லாத ஜெபம். விலாசம் எழுதாமல் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி இருந்தது எனக்கு.

டிசம்பர் 1, ஞாயிறு

முப்பது பேர் வருகிற இடத்தில் இன்று பதினொரு பேர். எல்லார் கண்ணும் வாசலிலேயே இருந்தது. பாட்டு தொண்டைக்கு மேல் வரவில்லை.

சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் நேரம். ஒருவரும் எழவில்லை. நான் எழுந்தேன். மசினகுடி ரோட்டில் சிறுத்தையிடம் வழி கேட்டு வாங்கின சாட்சியைப் போன மாதமே சொல்லியாகிவிட்டது. அதனால் இதைச் சொன்னேன். "நாப்பது பேரு! வாசல்ல நானும் மாப்பிள்ளையும்! பனிக்குள்ள இருந்து ஒரு கை வந்துச்சு!"

"யாரு கை, அருளு?" என்றாள் இசக்கியம்மா.

பதினொரு முகமும் என்னைப் பார்த்தன.

"சங்கிலி! செவப்புக் குல்லா போட்டிருந்தான்! எங்கண்ணால பாத்தேன்!"

அல்லேலூயா தகரத்தையே ஆட்டியது. ஒரு வாரமாகக் குனிந்து கிடந்த தலைகள் நிமிர்ந்தன. நல்லதுதானே செய்தேன்?

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "மாமா, நெசமாப் பாத்தீங்களா?"

"என்ர கண்ணு கழுகுக் கண்ணு மாப்பிள்ளை."

டிசம்பர் 3

இசக்கியம்மா நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். நஞ்சப்பன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி கொடுத்தார். டீ கொடுத்தார்.

"அந்தப் பனியில மூஞ்சி தெரிஞ்சுதுங்களா?"

"குல்லா தெரிஞ்சுதுங்க சார். அதுக்குள்ள மூஞ்சி."

எழுதி, எனக்கே படித்துக் காட்டினார். சபையில் சொன்னபோது காற்று மாதிரி இருந்தது, காகிதத்தில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தேன். குளிர்.

டிசம்பர் 4

தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில், எல்லார் முன்னாலும், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

டிசம்பர் 6

கேஸில் தண்டனை ஆகிவிட்டால் சங்கிலிக்கு எஸ்டேட் வேலை போகுமாம். வேலை போனால் லைன் வீடும் போகும். பெண்டாட்டி சசிகலாவும் இரண்டு பிள்ளைகளும் எங்கே போவார்கள் — அதை ஏன் நான் யோசிக்க வேண்டும்? கல்லெடுத்தவன் யோசித்திருக்க வேண்டும்.

ஜெஸிந்தா தினமும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டு போகிறாள். குழாயடியில் இசக்கியம்மா பிடித்துக்கொண்டாள். "உம்புருசன் கண்ணக் கெடுத்தவன் ஊட்டுக்குச் சோறா?"

"திங்கறது கொழந்தைங்க அத்தை. அதுக எந்தக் கல்ல எறிஞ்சுதுக?"

சசிகலா அங்கேதான் நின்றிருந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவரு வந்தது நெசம். கத்துனது நெசம். மத்தவீக கல்ல எடுத்ததும், வேண்டாம்னு அவரே தடுத்தாருங்க. எங்க ஊட்டுல செவப்புக் குல்லாவே கெடையாது. வேணும்னா வந்து தேடிக்கோங்க."

புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்வாள். உலக வழக்கம்.

ஜெஸிந்தா என் தலையைப் பார்த்தாள். "மாமா, இந்தக் குளுருல ஏன் வெறுந்தலையாத் திரியறீங்க?"

டிசம்பர் 8, ஞாயிறு

பெர்ன்ஹில்லிலிருந்து வேறு சபைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். என் சாட்சியைக் கேட்கத்தான். சொன்னேன். இந்த முறை நூறு பேர், கையில் தீப்பந்தம். அழுதார்கள். போனில் படம் பிடித்தார்கள்.

மாப்பிள்ளை கட்டுப் போடாத கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் இதையே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 11

ஜெஸிந்தா ஷெட்டைக் கழுவிவிட்டாளாம். சாயங்காலம் வந்தாள். மடித்த துணிபோல ஒன்றை மேஜைமேல் வைத்தாள். என் குல்லா. துவைத்துக் காயவைத்திருந்தாள்.

"பின்னாடி பெஞ்சுக்கு அடியில கெடந்துச்சு மாமா." அடுப்பில் காபியைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சிவப்புக் குல்லா. என் தங்கைக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.

டிசம்பர் 12

குல்லா போடவில்லை. காது வலி.

மாப்பிள்ளையிடம் பொதுவாகத்தான் கேட்டேன். "நம்மள அடிச்சவனுக்கு நாமளே விட்டுக்குடுத்தா, மறுபடி வந்து அடிக்க மாட்டானா?"

"அடிக்கலாம் மாமா."

"அப்பறம்?"

"அப்பவும் இங்கதான் ஜெபம் பண்ணுவோம். அடி வாங்கறது நம்ம கையில இல்லீங்க. வாங்குன அடியில பொய்யக் கலக்காம இருக்கறது நம்ம கையில இருக்குது." கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சங்கிலி செஞ்சதுக்கு அவன் பதில் சொல்லட்டும். செய்யாததுக்கு எதுக்குங்க? அதுக்கப்பறம் எந்த வாயில நான் அவனுக்காக ஜெபம் பண்ணுவேன்?"

இவருக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? ஏன் திட்டவில்லை? ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கோபித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கும். அட, என்னதான்யா மனுசன் இவரு!

பத்துக் கட்டளையில் ஒன்பதாவதை, 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்பதை, சண்டே கிளாஸ் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தவன் நான்.

டிசம்பர் 13, வெள்ளி

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை கூட வந்தார்.

டிசம்பர் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நஞ்சப்பன் என்னை நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். இந்த முறை நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. "பொய் சொன்னதுக்கு ஒன்னையவே உள்ள வெக்கட்டுமா?" என்றார். "வெய்யுங்க சார்" என்றேன். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேலதிகாரிகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. என்மேல் கேஸ் வந்தாலும் வரலாம்.

சங்கிலி நேற்று வெளியே வந்துவிட்டான். கூட்டம் சேர்த்துக் கத்தினதற்குக் கேஸ் இருக்கிறது. கல் எறிந்தவன் பெயர் இருந்த இடம் காலி. கடைசிவரை காலியாகவே இருக்கலாம். மாப்பிள்ளையின் பாதிக் கண்ணுக்கு யாரும் பதில் சொல்லாமலே போகலாம்.

காலையில் குழாயடியில் சங்கிலியைப் பார்த்தேன். லைனே கூடியிருந்தது. "ஏனுங் மாமா, பெஞ்சுக்கு அடியில குளுருங்களா?" சிரிப்பு மலையில் எதிரொலித்தது. எனக்கு ஆயிரம் பதில் வரும். இன்றைக்கு என் குடத்தை வரிசையில் வைத்தேன். தன் குடத்தைத் தூக்கும்போது அவன் சொன்னான்: "பொய்ய ஒத்துக்கிட்டீங்கன்னு நான் சும்மா இருப்பன்னு நெனைக்காதீங்க. அந்த ஷெட்டு அங்க இருக்கக் கூடாது." ஜெஸிந்தா அவன் குடம் இருந்த இடத்தில் தன் குடத்தை வைத்தாள்.

ஆராதனைக்குப் பதினான்கு பேர். சாட்சி நேரத்தில் எழுந்தேன். என் ஆயுசிலேயே குட்டையான சாட்சி. முடிந்ததும் அல்லேலூயா இல்லை. இசக்கியம்மா எழுந்து வெளியே போகக் கிளம்பினாள். வாசல்வரை போனவள், வெளியே பார்த்தாள், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பெயர் சொல்லாமல் ஜெபம் பண்ணினார். இந்த முறை அதில் நானும் இருந்திருக்கலாம்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பர்லியார் வளைவில் பிரேக் கொஞ்சம் இருந்தது. வந்தவர்கள் எட்டுப் பேர்தான். தீப்பந்தம் கிடையாது. வாசலில் நின்றது மாப்பிள்ளை ஒருவர்தான். நான் பின்பெஞ்சுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். யார் கையையும் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் பார்த்த சிவப்பு, கண்ணை மறைக்க மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்ட என் குல்லாவின் உள்பக்கம்.