அந்த உடம்புக்கு அந்த வேகம்

வீட்டிலிருந்து,
செப்டம்பர், ஞாயிறு மத்தியானம்.

என் அன்பு மகள் ரெனிக்கு அம்மா எழுதுவது. கடல் உனக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கப்பலில் உன்னோடு வேலை பார்க்கிற பெண்களெல்லாம் சௌக்கியமா என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். அடுத்த வரியில் நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், அதற்குக் கை வரமாட்டேன் என்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம். உன் தம்பி கெண்ட்ரெல் ஆஸ்பத்திரியில் கிடந்தது உன் காதுக்குப் பாதிதான் வந்திருக்கும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். ஜப்பான் பக்கத்தில் நடுக்கடலில் நின்றுகொண்டு என் அழுகையைக் கேட்டு நீ என்ன செய்வாய்? எழுதினால் அழுது முடித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

போன வருஷம் அவன் பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடியதை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் கிளம்பினால் எதிரணிப் பையன்கள் அவன் போன பிறகு அவன் நின்ற இடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுவார்கள். முடிவெட்டும் கடையில் உன் அப்பாவைப் பார்த்து, “லூஷியஸ், உம் பையன் ஓடுறானா, இல்ல பந்து தானா உருண்டு போகுதா? ஆளே கண்ணுக்குத் தெரியலியேப்பா” என்று கேலி செய்வார்கள். ஆள் சிறுசு என்று, இந்த ஊரில் விளைகிற கடலையின் பேரையே அவனுக்கு வைத்துவிட்டார்கள். கடலை வர்றான், கடலை வர்றான் என்று மைதானமே கத்தும், அவனும் கையை ஆட்டிச் சிரிப்பான். அப்போது அது செல்லப் பேராக இருந்தது. காலேஜ்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேர் அவன் முகத்தைச் சுருங்க வைத்தது. அவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகக் காரிலிருந்து இறங்குவார்கள், அவன் பக்கத்தில் வந்து நிற்பான், சிரிப்பு அப்படியே வடிந்துபோகும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் என்று வந்துவிட்டால் அவர்களுக்கு இரண்டே கேள்விதான் ரெனி, ஆள் எத்தனை பெரியவன், நாற்பது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுவான். வேகத்தில் நம் பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் ஈடில்லை. உடம்புதான் ஐந்தடி எட்டு அங்குலம், அதுவும் ஷூவோடு சேர்த்து.

வசந்தத்தில் ஸ்ட்ரவுட் என்று ஒருவர் வந்தார், பெரிய யுனிவர்சிட்டியின் உதவிக் கோச். மற்றவர்களைப் போல வாசலோடு போகவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார், நான் செய்த கோழியைச் சாப்பிட்டார், என்னை மேடம் என்றார். கெண்ட்ரெல் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கால் இருக்கு, கண் இருக்கு, தைரியம் இருக்கு. உடம்புதான் இல்ல. எங்க லீக்ல உன்னப் பிடிக்க வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு ஃபிரிட்ஜ் சைஸ் இருப்பான். இருபத்தஞ்சு பவுண்டு ஏத்திட்டு ஜூன் மாச முகாமுக்கு வா. அங்க இதே வேகத்துல ஓடிக் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்குறேன்” என்றார். அந்த “இதே வேகத்துல” என்கிற வார்த்தை எங்கள் யார் காதிலும் தங்கவில்லை. இருபத்தைந்து பவுண்டுதான் தங்கியது. அவர் கார் தெருமுனையைத் தாண்டவில்லை, அதற்குள் உன் அப்பா முட்டை வாங்கக் கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டு மூன்று மாதங்கள் இந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. காலையில் ஒரு சட்டி முட்டை, பன்றி இறைச்சி, சோளக்கஞ்சி, அதன்மேல் வெண்ணெய். சர்ச்சிலிருந்து சிஸ்டர் ஓஸெல்லா வாரம் தவறாமல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் கொண்டுவந்து, “ஏய் கடலை, இத முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும், நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்” என்று எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். அவன் பாவம், கண்ணில் தண்ணீர் முட்ட முட்டத் தின்பான். சில நாள் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் தட்டின் முன்னால் உட்காருவான். “போதும்டா விடு” என்று நான் சொன்னால், “கோச் கேட்டிருக்காரும்மா” என்பான். மரம் ஏற்றிய லாரியை நாளெல்லாம் ஓட்டிவிட்டு வருகிற உன் அப்பா, குளிக்கக்கூடப் போகாமல், கொட்டகையில் அவனுக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுப்பார். கழுத்து தடித்தது, சட்டையெல்லாம் பிடித்தது. கண்ணாடி முன்னால் நின்று அவன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் முகாமுக்கு மூன்று பேரும் போனோம். முதலில் எடை பார்த்தார்கள். ஸ்ட்ரவுட் இவன் முதுகில் ஓங்கித் தட்டி, “அடேங்கப்பா, இவன் யாருடா புதுசா” என்றார், இவனுக்கு வாயெல்லாம் பல். பிறகு ஓடவிட்டார்கள். கிளம்பின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது ரெனி, பெற்றவளுக்கு அதற்குக் கடிகாரம் வேண்டாம். முன்பு ஓடினால் தரை அவனைத் தூக்கிவிடுகிற மாதிரி இருக்கும், அன்றைக்குத் தரை அவனைப் பிடித்து இழுத்தது. மறுபடி ஒரு தடவை கேட்டு வாங்கி ஓடினான், அது இன்னும் மோசம். கால் நொடிக்கும் குறைவான வித்தியாசம்தான் என்றார்கள். நாம் கண் இமைக்கிற நேரம். அவர்கள் கணக்கில் அந்த நேரத்தில்தான் எதிராளியின் கை இவன் இடுப்புக்கு வந்து சேர்கிறது. அவனுக்குப் பிறகு ஓடியவன் சவானா பக்கத்துப் பையன், ஆறடிக்கு மேலே இருப்பான், கதவு மாதிரி நெஞ்சு. அவன் நம் பிள்ளையைவிட மெதுவாகத்தான் ஓடினான், எல்லோரும் பார்த்தோம். அவனைச் சுற்றி நாலு கோச்சுகள் கூடிவிட்டார்கள். அன்றைக்கே அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

உன் அப்பா யாரிடமும் குரல் உயர்த்துகிறவர் இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரவுட்டிடம் போய், “சார், நீங்க சொன்னதத்தானே இவன் செஞ்சான்?” என்று கேட்டார். “ஆமா மிஸ்டர் டாலிவர், ஆனா வேகத்தக் குடுத்துட்டு எடைய வாங்கச் சொல்லலியே” என்றார் அவர். அந்தப் பெரிய பையன் இவனைவிட மெதுவாகத்தானே ஓடினான் என்று அப்பா கேட்டதற்கு, அவர் கோபப்படவே இல்லை, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார், “அந்த உடம்புக்கு அந்த வேகம் தாராளம். அவன இடிச்சாலும் அவன் முன்னாலதான் விழுவான், அதுலயே பந்து ரெண்டு கெஜம் முன்னேறிடும். உங்க பையன யாரும் தொடவே கூடாது, அதுக்குத்தான் வேகம். பெரியவன் மெதுவா இருக்கலாம். சின்னவன் இருக்கக் கூடாது.” அவர் கெட்ட மனிதர் என்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். போகிறபோது கெண்ட்ரெல் கையைப் பிடித்துக் குலுக்கி, “முதல் மேட்ச் வீடியோவ அனுப்பு தம்பி, மறுபடி பாக்கலாம்” என்றார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது. நம் பிள்ளை அதைக் கையெழுத்துப் போட்ட வாக்காக எடுத்துக்கொண்டான்.

திரும்பி வருகிற வழியில், ஊர் எல்லை வந்ததும் பின் சீட்டிலிருந்து கெண்ட்ரெல், “ஒல்லியா இருந்தப்ப உடம்பக் கேட்டாங்க, உடம்பு வந்ததும் வேகத்தக் கேக்குறாங்க. நான் யாரா இருந்தா இவங்களுக்குப் போதும்பா?” என்று கேட்டான். உன் அப்பா ரேடியோவைப் போட்டார்.

அதற்குப் பிறகு, முதல் மேட்சுக்குள் பழைய வேகம் வந்துவிட வேண்டும் என்று, அவன் ஏற்றினதையெல்லாம் இறக்கத் தொடங்கினான். தட்டைத் தள்ளிவிடுவான். வீட்டில் சொல்லாமல், வியர்த்து எடை குறையட்டும் என்று கறுப்புக் குப்பைப் பையில் ஓட்டை போட்டு உடம்பில் மாட்டி, அதன்மேல் குளிர்காலச் சட்டை போட்டுக்கொண்டு, ஆகஸ்ட் வெயிலில் பெக்கான் கொட்டை மரத் தோப்புச் சாலையில் ஓடியிருக்கிறான். தண்ணீர் குடித்தால் எடை ஏறும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அவனுடைய பள்ளிக்கூடக் கோச் ஹேடாக் இதைக் கேள்விப்பட்டுத் திட்டினாராம், இவன் அவரிடமும் இல்லை சார் என்று சாதித்துவிட்டான். ஒரு நாள் தோப்புக்காரர் மிஸ்டர் பர்விஸ் டிராக்டரில் போனவர், ஏதோ மூட்டையை யாரோ சாலையோரம் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். கிட்டே போனால் மூட்டைக்குக் கால் இருந்தது. அவர் அந்தப் பையைக் கத்தியால் கிழித்தபோது உள்ளிருந்து வந்த சூட்டைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் அழுகிறார்.

அவனை ஆல்பனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதியோர் இல்லத்தில் சலவை வேலையில் இருந்த நான், ஏப்ரனோடு ஓடினேன். அவனுக்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை. தசையெல்லாம் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார் டாக்டரம்மா. பாடுபட்டு ஏற்றின அதே தசைதான். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், பிள்ளை தன் பேரைச் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. இப்போது மெஷின் வேண்டாம், சிறுநீரகம் ஓரளவு திரும்பிவிட்டது, முழுதாகத் திரும்பாது. ஆட்டம் முடிந்தது என்று அந்த அம்மா அவனிடமே சொல்லிவிட்டார். “ஒரு இடி பட்டாலும், வெயில்ல இன்னொரு தடவ இப்படி ஓடினாலும், நான் உன்னக் காப்பாத்த முடியாது கண்ணு” என்றார். அவன் தலையை ஆட்டினான், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ஏற்றினது போய் இறக்கினதும் போய், பழைய கெண்ட்ரெல்லைவிட ஒல்லியாக இருக்கிறான். மேட்ச் நடக்கிற வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூட பேண்ட் வாத்தியச் சத்தம் இங்கே வரை கேட்கும், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவான். உன் அப்பா மேட்ச் நேரத்தில் லாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். நான் ஜெபம் செய்கிறேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் முழங்காலில் சும்மா இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அவனுக்குப் பதினேழு வயது. அந்த ஒரு வழியைத் தவிர வேறு எதையும் நாங்கள் யாரும் அவனுக்குக் காட்டவில்லை, அவனும் கேட்கவில்லை, இனி எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை மகளே.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன், அதற்காகத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். கான்சாஸில் ஏதோ ஒரு சின்னக் காலேஜ், அதன் கோச், கிழவர் போல இருந்தது குரல், போன் செய்தார். போன வருஷ வீடியோ இப்போதுதான் அவர் கைக்கு வந்ததாம், நடந்தது எதுவும் தெரியாது. உன் அப்பா விஷயத்தைச் சொல்லி வைத்துவிடப் பார்த்தார். கெண்ட்ரெல் எழுந்துவந்து போனை வாங்கிக்கொண்டான். “இல்ல சார். ஆடறத விட்டுட்டேன் சார். டாக்டர் சொல்லிட்டாங்க” என்றான். அத்தோடு வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் பேசினார். இவன் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி கேட்டான். ஒரு தடவை, “ஆமா சார், பிடிக்க வந்தவன் இடது பக்கம் சாஞ்சதப் பாத்துட்டேன், அதான் உள்ள திரும்பினேன்” என்றான். இன்னொரு தடவை லேசாகச் சிரித்தான். வைத்த பிறகு என்னவாம்டா என்று கேட்டேன். “நான் ஓடின ஒரு ஓட்டத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்லயாம். ஆட முடியாட்டியும் பரவால்ல, எப்படித் திரும்பினேன்னு மட்டும் சொல்லுன்னாரு” என்றான். மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டு, “அம்மா, அவரு என் உயரத்தக் கேக்கவே இல்லம்மா” என்றான். அப்புறம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை அங்கே சமையலறைச் சுவரோரம் நின்று அழுதான். உன் அப்பா போய் அவனைக் கட்டிக்கொண்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

கர்த்தர் உன்னைத் தண்ணீரின்மேல் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் மேலதிகாரிகளுக்கு நல்ல மனதைத் தரட்டும், கரைக்கு வந்ததும் நன்றாகத் தூங்கு. மறக்காமல் உன் தம்பிக்குப் போன் செய். எடையைக் கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்றுகூடக் கேட்காதே, எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைச் சொல்ல வராத ஆள் இந்த ஊரில் இல்லை. கப்பலைப் பற்றிச் சொல்லு. அவன் பேசாவிட்டாலும் நீ பேசிக்கொண்டே இரு, கேட்டுக்கொண்டிருப்பான்.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும் அம்மா,
வெர்லீன் டாலிவர்