தருவதாக நான் சொல்லாத போர்வை

மார்ச் 1, ஞாயிறு

எதற்காகத் தைக்கிறேன்?

நாத்தனார் இன்று சோபாவில் கால் நீட்டிக்கொண்டு கேட்டாள். "இவ்வளவு படிச்சிட்டு, லீவு நாள்ல துண்டுத் துணிய ஒட்டவச்சிட்டு உக்காந்திருக்கீங்களே அண்ணி, எதுக்கு?"

"பொழுதுபோக்கு" என்றேன். பொய். போக்குவதற்கு என்னிடம் பொழுது ஏது? உண்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைப்பதில் கூச்சமில்லை.

மூன்று வருடமாக நான் தைத்த சட்டைகளைத்தான் நான் போடுகிறேன். முதல் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டேன். அதையும் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். யாரும் செத்துப்போகவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சாப்பிடும்போது, ஏதோ மின்கட்டணம் கட்டிவிட்டதைச் சொல்வது போல இவர் சொன்னார்.

"எங்க மேனேஜர் புது வீடு கட்டியிருக்காரு. இருபத்தொண்ணாம் தேதி மதியம் விருந்து. நீ பண்ணிட்டிருக்கியே ஒட்டுப்போர்வை, அதக் குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவரு மிஸஸ்கிட்ட."

"என்கிட்ட?"

"இப்ப சொல்றேன்ல."

ஏப்ரலில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

தர மாட்டேன் என்றேன். "ரெண்டு வருஷமா பண்ற. இன்னொண்ணு பண்ணிக்கோயேன்" என்றார். இன்னொன்று என்றால் இன்னொரு இரண்டு வருடம் என்று அவருக்குக் கணக்கு வரவில்லை.

மார்ச் 4, புதன்

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வேலை நன்றாக ஓடியது. நடுவிலிருந்து நான்காவது தையல் வட்டம் முடிந்தது.

மார்ச் 7, சனி

நாத்தனார் போன் செய்தாள். அண்ணன் தூதுவிட்டிருக்கிறார்.

"ஒரு போர்வைதானே அண்ணி? என்னமோ பெத்த பிள்ளையக் கேட்ட மாதிரி..."

"பெத்த பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டேன். இத அனுப்ப மாட்டேன்."

"உங்களுக்கு வர வர வாய் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள். நாற்பத்தொன்பது வயதில் இப்போதாவது வந்ததே.

மார்ச் 11, புதன்

காணோம்.

கல்லூரியிலிருந்து வந்து பார்த்தா மேசை மேல போர்வை இல்ல. ஊசி டப்பா இருக்கு, நூல்கண்டு இருக்கு, அது மட்டும் இல்ல. பீரோ, கட்டில், துவைக்கிற கூடை — எங்கேயும் இல்ல. அப்புறம் இவரு வந்து நிதானமா சொல்றாரு: "டெய்லர்கிட்ட குடுத்திருக்கேன். மெஷின்ல ஒரே நாள்ல முடிச்சுடுவாரு. உனக்கும் ஒத்தாசையா இருக்கும்னுதான்."

ஒத்தாசையாம்! நான் கேட்டேனா? தர மாட்டேன்னு சொன்னது காதுல விழலையா, இல்ல விழுந்துதான் இப்படிப் பண்ணினாரா?

நாளைக்கு எழுதுறேன்.

மார்ச் 12, வியாழன்

முதல் இரண்டு வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தையல் கடைக்குப் போனேன். தாமதம். முடித்தேவிட்டார்.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும். தொய்வை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வெட்டிவிடலாம். தையல்காரர் நான்கு ஓரத்தையும் முதலில் அடைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். எல்லாத் தொய்வும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. ஒரு பூனை படுத்திருப்பது போல மேடு. என் நான்கு வட்டங்கள் அந்தப் பூனையின் முதுகில் சுருங்கிக் கிடக்கின்றன.

"ஓரத்தப் பிடிச்சாத்தானே மேடம் துணி நிக்கும்? நான் இருபது வருஷமா அப்படித்தான்..." என்றார். சட்டைக்கு அது சரிதான். அவர் மேல் தப்பில்லை. "சார்தான் அவசரம்னாரு" என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் விரித்துக் காட்டினேன். இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மேட்டை உள்ளங்கையால் அமுக்கினார். அது பக்கத்தில் போய் எழுந்தது.

"இஸ்திரி போட்டா அமுங்கிடுமா?"

"அமுங்காது. பிரிக்கப்போறேன்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

"அப்ப இருபத்தொண்ணு?"

"இருபத்தொண்ணு வரும், போகும்."

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து பிரித்தேன். மெஷின் தையல் கடுகு கடுகாக இருக்கிறது. மூன்று தையலுக்கு ஒன்று வெட்டி, அடியிலிருந்து நூலை உருவ வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஒரு ஓரம்.

இது வீம்பா? கேட்டுப் பார்த்தேன். வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் நான் எதற்கும் வீம்பு பிடித்ததில்லை, சேர்ந்துபோயிருக்கும்.

அவரும் பாவம்தான். பதினோரு வருடமாக ஒரே நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியை நகர்த்த என் போர்வையா முட்டுக்கொடுக்க வேண்டும்?

மார்ச் 18, புதன்

இரண்டாவது ஓரம். விரலில் ஊசி ஏறியது. துணியில் ரத்தம் படவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இவர் கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய பெட்டி ஒன்று வாங்கி வந்து வாசலருகே வைத்திருக்கிறார். "நாளைக்கு வர்றியா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். வருகிறேன் என்றேன். நான் தைத்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான். காலரில் ஒரு முனை கொஞ்சம் நீளம், அதற்கென்ன?

மேனேஜரின் மனைவி கேட்டால் நானே சொல்லிவிடுவேன். வாக்கியம் தயார்: "அதைத் தருவதாக நான் சொல்லவில்லை." கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாவது முறை முழுதாக வந்தது.

நாளை நடப்பதை நடந்தபடி எழுத வேண்டும். மெருகு போடக் கூடாது.

மார்ச் 21, சனி

நடந்தது இது.

செருப்பைக் கழற்றும் முன்பே மேனேஜரின் மனைவி கேட்டுவிட்டார். கூடத்தில் பத்துப் பேராவது இருந்தார்கள். "எங்க அந்தப் போர்வை? உங்க சார் போட்டோவெல்லாம் காட்டினாரே!"

போட்டோ எடுத்தது எனக்குத் தெரியாது. எப்போது எடுத்தார்? நான் இல்லாதபோதா? தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

"அது அவளோடது மேடம். குடுக்க மாட்டா" என்றார் இவர். பெட்டியை நீட்டினார். "இது எங்க ரெண்டு பேரோடது."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் பெட்டியை வாங்காமல் என்னைப் பார்த்தார், பிறகு என் காலரை.

"இதுவும் நீங்களே தச்சதா?"

"ஆமாம்."

"தெரியுது" என்றார். பெட்டியை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு அடுத்தவர்களை வரவேற்கப் போய்விட்டார்.

சாப்பிட்டோம். எங்களோடு யாரும் அதிகம் பேசவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

திரும்பும்போது வண்டியில் ஏப்ரல் பட்டியலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய சாலை சிக்னலில் நின்றபோது அவர் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"போர்வைய நடுவுலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?"

"ஆமா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ, இருவருமே கவனிக்கவில்லை.